துண்டு போட்டு வைத்த இடம்

பாப்பாத்தி அக்காவைப் பார்ப்பதற்கு முன்பே அவர் மகளின் வாயை நான் பார்த்துவிட்டேன். என் வேலை அப்படி. கள்ளக்குறிச்சியில் பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில், மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஒரு பல் லேபில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர்கள் தடித்த பேனா போன்ற ஸ்கேனரை வாய்க்குள் விட்டு மெதுவாகச் சுற்றினால், அந்த வாய் அப்படியே என் திரைக்கு வந்து சேரும். திருப்பிப் பார்க்கலாம், பெரிதாக்கலாம், அளக்கலாம். முகம் மட்டும் வராது. பெயரும் வயதும் வரும். அன்றைக்கு வந்தது தனுஷா, வயது ஏழு. கீழ்த்தாடையில் இடது பக்கம், இரண்டாவது கடைவாய்ப் பால் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள்.

பால் பல்தானே, விழத்தானே போகிறது என்று பலர் கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் கேட்டேன். கடைவாயில் இருக்கும் பால் பல் பத்துப் பதினொரு வயது வரை இருக்க வேண்டியது. அதன் அடியில் எலும்புக்குள் நிரந்தரப் பல் மெல்ல வளர்ந்துகொண்டிருக்கும். பால் பல் சொத்தையாகி முன்கூட்டியே போய்விட்டால், பின்னால் முளைத்திருக்கும் பெரிய பல் காலியிடத்தைப் பார்த்துச் சாய ஆரம்பித்துவிடும். அடியில் இருப்பது மேலே வரும் நேரத்தில் அதற்கு இடம் இருக்காது. கோணலாக வரும், அல்லது வராமலே சிக்கிக்கொள்ளும். அதனால் இடத்தைக் காக்க ஒரு கம்பி வைப்பார்கள். பின்பல்லைச் சுற்றி ஒரு வளையம், அந்த வளையத்திலிருந்து நீண்டு அதற்கு முன்னால் இருக்கும் பல்லைத் தொடும் ஒரு கண்ணி, அவ்வளவுதான். டாக்டர்கள் ஸ்பேஸ் மெயின்டெய்னர் என்பார்கள். நாங்கள் லேபில் கம்பி என்றே சொல்வோம்.

எங்கள் முதலாளி சேவியர்ராஜ் பல ஆண்டுகளாக அதைக் கையால் வளைத்துச் செய்தவர். தனுஷாவுக்குச் செய்ததுதான் எங்கள் லேபில் கம்ப்யூட்டரில் வரைந்த முதல் கம்பி. அந்தப் பல்லின் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் ஒட்டி வளையத்தை வரைந்தேன். கண்ணி ஈறில் உரசாமல், நாக்கில் இடிக்காமல் இருக்கும்படி திருத்தித் திருத்தி வைத்தேன். கோப்பு சென்னைக்குப் போனது. அங்கே உலோகத் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்க, அது பொருளாகிப் பேருந்து பார்சலில் திரும்பி வந்தது. உள்ளங்கையில் வைத்தால் அறுந்த கொலுசின் ஒரு கண்ணியைப் போல இருந்தது.

முதல் முறை என்பதால் பொருந்துகிறதா என்று நேரில் பார்த்து வரச் சொல்லி முதலாளி என்னைக் கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கேதான் பாப்பாத்தி அக்காவைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, நல்ல உயரம். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. சின்னசேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில்லில் மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் சீவும் வேலை. கல்வராயன் மலையிலிருந்து லாரி லாரியாக இறங்கும் கிழங்குக் குவியலைச் சுற்றி உட்கார்ந்து நாள் முழுக்கச் சீவும் பெண்களில் ஒருவர். அந்தக் கிழங்கின் பால் காய்ந்து அவர் விரல் இடுக்குகள் எப்போதும் கறுத்திருக்கும்.

டாக்டர் நான்சி கம்பியைப் பல்லில் அழுத்தினார். ஒரு சின்னச் சத்தம் கேட்டது. உட்கார்ந்துவிட்டது. எனக்குள் ஏதோ ஒன்று இளகியது. மூன்று வருடப் படிப்பில் நான் செய்த எதுவும் இப்படி ஓர் இடத்தில் போய் உட்கார்ந்ததில்லை.

அக்கா என்னைப் பார்த்தார்.

“நீயா செஞ்ச தம்பி?”

“கம்ப்யூட்டர்ல வரைஞ்சேன்க்கா. செஞ்சது மெஷினு.”

“எதுக்கு இதுன்னு டாக்டரம்மா இன்னாவோ சொன்னாங்க. பாதி புரிஞ்சிது.”

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நீயே சொல் என்பது போல. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டுப் பிடிப்பதில்லையா, அதுதான் இது என்றேன். ஆள் ஏறி வரும்வரைக்கும் துண்டு இடத்தைப் பார்த்துக்கொள்ளும்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். “துண்டத் தூக்கிக் கடாசிட்டு உக்காந்துக்கறவன் இருக்கறானே, அவன இன்னா பண்றது?”

“இது சிமென்ட் வெச்சு ஒட்டியிருக்குதுக்கா.”

“கச்சிராயபாளையம் பஸ்ஸுல அந்த வசதிய பண்ணிக் குடுங்க, புண்ணியமா போவும்.”

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாற்காலியில் இருந்த தனுஷா மட்டும் சிரிக்காமல், நாக்கால் கம்பியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு எக்ஸ்ரே எடுக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பல் பிடுங்கிய வாரத்தில் குழந்தையின் கன்னம் வீங்கிக் கண் வரைக்கும் ஏறியிருந்தது. சீழ். எக்ஸ்ரேவுக்கான தகட்டை வாய்க்குள் வைக்கப் போனாலே கத்தியிருக்கிறாள், டாக்டரின் விரலைக் கடித்திருக்கிறாள். ஆறிய பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். ஆறிய பிறகு எல்லாம் நன்றாக இருந்ததால் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. ஸ்கேனர் வாயின் மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். ஈறுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அதன் பிறகு அக்கா ஊருக்கு வரும்போதெல்லாம் லேபுக்கு ஏறி வந்துவிடுவார். கம்பியைப் பரிசோதிக்க டாக்டர் சொன்ன தவணைகளில் ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் வலி நின்றுவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகிறவர்கள் கம்மி. அதனால் டாக்டருக்கே ஆச்சரியம். கமர்கட்டு, கடலை மிட்டாய், சிப்ஸ் எல்லாம் வீட்டில் தடை. சாப்பிட்டு முடித்ததும் வாய் கொப்பளிக்க வைத்து, திறக்கச் சொல்லி செல்போன் வெளிச்சத்தில் பார்ப்பாராம். மாடிப்படியில் ஏறி வந்த மூச்சிறைப்போடு, “தம்பி, பாரு, எப்டி வெச்சிக்கினு இருக்கறேன் பாரு,” என்று மகளின் தாடையைப் பிடித்து என் முகத்துக்கு நேராகத் திருப்புவார். தனுஷா பெருமாள் கோயில் யாளி மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைக் கம்பி வாய் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் வாயில் எல்லாம் சொத்தைதான் இருக்கிறது, என் வாயில் சென்னையில் செய்தது இருக்கிறது என்று அவள் திருப்பிச் சொன்னதை அக்கா என்னிடம் பல முறை சொல்லிவிட்டார்.

அவர் கணவரைப் பற்றி அவராக எதுவும் சொன்னதில்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எங்கே விவரம் கேட்டாலும் முதலில் “தெய்வசிகாமணி” என்று கணவர் பெயரைத்தான் சொல்வார். வெளியூரில் வேலை பார்க்கிறார் போல என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் எனக்குத் தெரிந்தது முதலாளி ஒரு ஃபிளக்ஸ் பேனர் அடிக்க வேண்டும் என்று முடிவு செய்தபோது. முதல் டிஜிட்டல் கம்பி போட்ட குழந்தையின் படம் வேண்டும் என்றார். ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு அவர்கள் ஊருக்குப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஊர். பின்னால் மலை அடுக்கடுக்காக நின்றது. மழை வரும்போல இருந்ததால் அதன் பாதி மேகத்துக்குள் மறைந்திருந்தது.

தெருவுக்குள் திரும்பும்போதே வண்டிச் சத்தம் கேட்டது. வாசலில் ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸெல். ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தது. முகப்பில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து வெடித்திருந்தன. ஹேண்டில்பாரில் வாடிய மாலை. பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா பக்கத்தில் நின்று ஆக்சிலேட்டரைத் திருகிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டது போல இருந்தது. ஆனால் அணைக்கவில்லை.

“வாரத்துக்கு ஒரு தபா ஓட வுடணுமாம் தம்பி. இல்லாங்காட்டி இன்ஜினு புடிச்சிக்குமாம். மெக்கானிக்கு சொன்னாரு.”

“நீங்க ஓட்டுவீங்களாக்கா?”

“எனக்கு இன்னாத்துக்கு? வந்தா அவரு ஓட்டுவாரு.”

எதிர்வீட்டு வாசலில் பல் குச்சியோடு நின்றிருந்த பெரியவர் அவருடைய மூத்தார், அதாவது கணவரின் அண்ணன். அவர் என்னிடம் சொல்வது போலச் சத்தமாகச் சொன்னார்:

“நின்ன எடத்துலயே ஓட்டிக்கினு எந்த ஊருக்குப் போயி சேரப் போவுதோ.”

“உங்கள ஏறச் சொல்லலீங்க,” என்றார் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மீதியை அன்றைக்கு அரைகுறையாக அக்காவும், மற்றதைத் தெருமுனை வரை என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்த மூத்தாரும் சொன்னார்கள். தனுஷா தத்தித் தத்தி நடக்கும் வயதில், தெய்வசிகாமணி ஒரு மேஸ்திரியோடு வடக்கே மரம் வெட்டும் வேலைக்குப் போயிருக்கிறார். ஊரிலிருந்தும் மலையிலிருந்தும் சேர்ந்து போன ஆட்கள். காட்டுக்குள் ஒரு நாள் ஏதோ கலவரமாகி எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் ஓடியிருக்கிறார்கள். ஓடியவர்கள் ஒவ்வொருவராக ஊர் வந்து சேர்ந்தார்கள். அவர் மட்டும் வரவில்லை. உடலும் வரவில்லை. போலீஸிடம் பிடிபட்டவர்களில் அவர் இல்லை என்றார்கள். மேஸ்திரி ஊரை விட்டே போய்விட்டார். அக்கா போகாத ஸ்டேஷன் இல்லை. கைக்குழந்தையோடு, பேச்சு புரியாத ஊர்களுக்கெல்லாம் போய் போட்டோவைக் காட்டிக் கேட்டிருக்கிறார். பார்த்தேன் என்று சொன்னவர்களும் உண்டு. ஒருவர் உயரம் என்றார், இன்னொருவர் குள்ளம் என்றார்.

மூத்தார் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். தம்பிக்குக் காரியம் செய்துவிட வேண்டும், ஆத்மா அலையக் கூடாது என்றார். காரியம் முடிந்தால் நிலத்தையும் பிரித்துக்கொள்ளலாம் என்பதையும் அதே மூச்சில் சொன்னார். அக்கா சம்மதிக்கவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு மற்றப் பெண்களோடு கோமுகி ஆற்றுக்குப் போய்த் தாலிக்கயிறு மாற்றுகிறார். அவர் தண்ணீரில் இறங்கும்போது சிலர் தள்ளிப்போய் நின்றுகொள்வதாகவும், அதை அவர் கவனிக்காதது போலப் புதுக் கயிற்றுக்கு மஞ்சள் பூசுவதாகவும் மூத்தார் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபத்தைவிட அலுப்புதான் இருந்தது.

அன்று படம் எடுத்தேன். தனுஷா வாயைத் திறந்தாள், மேகத்தின் மங்கிய வெளிச்சத்தில் கம்பி பளிச்சென்று வந்தது. அந்த ஃபிளக்ஸ் எங்கள் மாடிப்படி ஓரத்தில் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. முகம் பாதி, வாய் மீதி. பேருந்து நிலையத்துக்குப் போகும்போது தெரிந்தவர்கள் யாரைப் பார்த்தாலும் அக்கா கைநீட்டிக் காட்டுவார்: “அது எம் பொண்ணு வாயி.”

படம் எடுத்துத் திரும்பி வந்த அன்று, வழியில் நான் எதையெல்லாமோ யோசித்துக்கொண்டு வந்தேன். என் அப்பா மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு வெட்டுகிறவர். எங்கள் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். திருக்கோவிலூரில் படித்தேன். படித்து முடித்ததும் ஏதோ ஒன்று எனக்காகக் காத்திருக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். அது வரும்வரை இந்த வேலை என்று நானும் நம்பினேன். அரசுத் தேர்வு ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் என்னைப் பல் டாக்டர் என்று சொல்லிக்கொள்கிறார்கள்; திருத்துவதை நிறுத்திவிட்டேன். அடியில் ஏதோ வளர்கிறது என்று யார் எனக்குச் சொன்னார்கள் என்று அன்றைக்கு முதல் முறையாக யோசித்தேன். மழை பிடித்துக்கொண்டது.

தனுஷாவுக்கு ஒன்பது வயதானபோது கம்பி உடைந்தது. அந்தப் பொங்கலுக்குக் கரும்பைத் துண்டாக நறுக்கித்தான் அக்கா கொடுத்திருக்கிறார். கரும்பு ஏற்றிக்கொண்டு டிராக்டர்கள் போகும் சாலையில் வளரும் பிள்ளை எத்தனை நாள் நறுக்கித் தின்னும்? பின்னால் ஓடிப்போய் ஒரு கழியை உருவி, மற்றப் பிள்ளைகளோடு வாய்க்கால் கரையில் உட்கார்ந்து பல்லால் உரித்திருக்கிறாள். கண்ணி வளையத்திலிருந்து விட்டுப்போய்விட்டது. அக்கா அவளை அடித்திருக்கிறார். அடித்துவிட்டு, உடைந்த துண்டைச் சாமி படத்தின் முன்னால் இருந்த திருநீற்றுத் தட்டில் எடுத்து வைத்து, மறுநாள் முதல் பஸ்ஸில் ஓடி வந்தார்.

டாக்டர் மறுபடி ஸ்கேன் எடுத்து அனுப்பினார். புதிய வாயை, இரண்டு வருடத்துக்கு முந்தைய வாயின் மேல் திரையில் பொருத்தி வைத்துப் பார்த்தேன். தாடை வளர்ந்திருந்தது. முன்பற்கள் மாறியிருந்தன. அந்த இடம் மட்டும் அப்படியே இருந்தது. பின்பல் ஒரு மயிரிழைகூட முன்னால் சாயவில்லை. அளந்து பார்த்தேன், மறுபடியும் அளந்தேன். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “கையால வளைச்சிருந்தா இவ்ளோ சுத்தமா நின்னுருக்காது,” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. அடுத்த கம்பியைக் கொஞ்சம் தடிமனாக வரைந்து முடித்தேன். சென்னைக்கு அனுப்பப் போகும் நேரத்தில் டாக்டர் நான்சியின் போன் வந்தது.

“ஃபைல அனுப்பிட்டீங்களா?”

“இப்பதான் மேடம், அனுப்பப் போறேன்.”

“அனுப்ப வேணாம். கொஞ்சம் கிளம்பி வாங்க.”

போனேன். அக்காவும் தனுஷாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பினார். இப்போது பெரிய பிள்ளை என்பதால் எக்ஸ்ரேவுக்குச் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறாள். முதலில் வலது பக்கத்தைக் காட்டினார். பால் பல்லின் வேர்கள் கவட்டை போலப் பிரிந்திருக்க, அவற்றுக்கு நடுவில், எலும்புக்குள், வெள்ளை மொட்டு ஒன்று பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பிறகு இடது பக்கம். எங்கள் இடம். மேலே காலி. அடியில் எலும்பு. சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல எலும்பு மட்டும். நான் படத்தைப் பெரிதாக்கினேன். என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

சில பிள்ளைகளுக்கு அந்தப் பல் உருவாவதே இல்லை என்றார் டாக்டர். காரணம் என்று ஒன்றும் சொல்ல முடியாது, யார் தவறும் இல்லை. பிறகு தாழ்ந்த குரலில், “அன்னைக்கே எப்டியாவது எடுத்திருக்கணும்,” என்றார். அது என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

அக்காவிடம் சொல்லும்போது நான் கூட இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நீங்கள் சொன்னால் அவர்களுக்குப் புரியும் என்றார். எனக்கு ஓடிவிட வேண்டும்போல இருந்தது.

அக்கா உள்ளே வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. டாக்டர் படத்தைக் காட்டி மெதுவாகச் சொன்னார். அக்கா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். வலது பக்கத்து மொட்டை விரலால் தொட்டார். பிறகு விரல் இடது பக்கத்துக்கு வந்து, சுற்றிச் சுற்றி, ஓரிடத்தில் நின்றது.

“கீழ எங்கனா ஒளிஞ்சிக்கினு இருக்குமா?”

“இல்லங்க.”

“லேட்டா வருமா? எங்க ஊர்ல ஒரு பையனுக்குப் பதிமூணு வயசுல வந்திது.”

“லேட்டா வர்றதா இருந்தாலும் இந்நேரம் முளை தெரிஞ்சிருக்கும்ங்க. முளையே இல்ல.”

அக்கா தலையை ஆட்டினார். வெளியே கரும்பு டிராக்டர் ஒன்று கனத்த மூச்சோடு போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

டாக்டர் இரண்டு வழிகளைச் சொன்னார். புதுக் கம்பி போட்டு இடத்தை இப்படியே வைத்திருக்கலாம். பெரியவளாகி, தாடை வளர்ந்து முடிந்ததும் அங்கே செயற்கைப் பல் வைக்கலாம். அது வரைக்கும் மாற்றி மாற்றிக் கம்பி. அல்லது கம்பியை எடுத்துவிடலாம். இந்த வயதில் பின்பல் மெல்ல முன்னால் நகர்ந்து வந்து இடத்தை மூடிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. நேராக வரும் என்று உறுதி சொல்ல முடியாது, கண்காணிக்க வேண்டும், பிறகு ஒருவேளை கிளிப் போட வேண்டியிருக்கலாம். இன்றைக்கே முடிவு செய்ய வேண்டாம், வீட்டில் கலந்து பேசிவிட்டு வாருங்கள் என்றார். சொன்ன பிறகுதான் அது எந்த வீடு என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

அக்கா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். வைத்திருக்கலாம் என்பார். வரைந்து முடித்த கோப்பு லேபில் தயாராக இருந்தது. அந்த நிமிடம் நான் அதையே விரும்பினேன் என்றும் சொல்ல வேண்டும். நான் காத்துக் கொடுத்த இடம் அது.

அக்கா என் பக்கம் திரும்பினார்.

“ஒரு படம் எடுத்தா தெரிஞ்சிடுது பாத்தியா தம்பி. இருக்குதா, இல்லியான்னு.”

பிறகு டாக்டரைப் பார்த்தார்.

“இல்லன்னு தெரிஞ்சப்பறம் எதுக்கு டாக்டரம்மா? எடுத்துடுங்க. பக்கத்துப் பல்லு வர்றதுன்னா வரட்டும்.”

“யோசிச்சிட்டு...”

“யோசிக்க இன்னா இருக்குது? தெரியாம இருந்தாதான் யோசிக்கணும்.”

மீதியிருந்த வளையத்தைக் கழற்றுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. குறட்டால் ஓர் அசைப்பு. போடும்போது கேட்ட அதே சின்னச் சத்தம். டாக்டர் பல்லைச் சுற்றி ஒட்டியிருந்த சிமென்ட்டைச் சுரண்டித் துடைத்தார். வளையத்தை ஒரு தாளில் மடித்து என்னிடம் கொடுத்தார். லேபுக்குத் தேவைப்படலாம் என்று. எதற்குத் தேவைப்படும் என்று எனக்குத் தெரியவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அக்கா மகளின் தலையை ஒரு முறை தடவினார். அடித்ததற்காக இருக்கலாம். “கரும்பு தின்னணும்னா தின்னு,” என்றார். தனுஷா அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்தேன். எங்கள் லேப் வாசலைத் தாண்டும்போது அக்கா ஃபிளக்ஸைப் பார்க்கவில்லை. தனுஷா பார்த்தாள். இரண்டு வெயில் காலம் பட்டு அதில் கம்பி வெளுத்துப் போயிருந்தது.

“தம்பி, ஒண்ணு கேக்கணும்,” என்றார் அக்கா. கட்டைப் பையிலிருந்து காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்தார். “எங்க பக்கத்து பங்க்குல பாட்டில்ல பெட்ரோலு குடுக்க மாட்டன்றாங்க. ரூல்ஸாம். ரெண்டு வாரமா ஓட வுடல. இங்க எங்கனா குடுப்பாங்களா?”

இங்கேயும் கொடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். லேபுக்குக் கீழே நிறுத்தியிருந்த என் பழைய பைக்கின் அருகில் கூட்டிப்போனேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டேங்கிலிருந்து வரும் டியூபைக் கழற்றி, பாட்டிலின் வாயில் பிடித்தேன். அக்கா பாட்டிலைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் குனிந்து நின்றார். பெட்ரோல் மெல்லிசான நூலாக இறங்கியது. அவர் கழுத்திலிருந்து தொங்கிய தாலிக்கயிறு என் கண்ணுக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது. எனக்குச் சொல்ல வேண்டியது ஏதோ இருந்தது. படித்தவன் என்ற முறையில் சொல்ல வேண்டியது. இருக்கிறவருக்கும் இல்லாதவருக்கும் என்ன வித்தியாசம், எவ்வளவு காலம், இதெல்லாம் எங்கே போய் முடியும் என்று. அவருக்குச் சொல்ல எனக்கு என்ன தெரியும்? எந்த எக்ஸ்ரேவை அவரிடம் காட்டுவேன்?

“போதும் போதும். உனுக்கு வூட்டுக்குப் போவ வேணும்ல.”

தனுஷா என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் நாக்கு கன்னத்துக்குள் அசைந்துகொண்டே இருந்தது. கம்பி இருந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

“அண்ணா, இப்பவே மூடிக்கினு இருக்குதா?”

“இப்பவே இல்ல. மெதுவா.”

“தெரியுமா எனக்கு, மூடறப்ப?”

“தெரியாது பாப்பா.”

அக்கா மூடியை இறுக்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பாட்டிலைச் சுற்றி, கண்டக்டர் கண்ணில் படாமல் பையின் அடியில் வைத்து, மேலே முருங்கைக் கீரைக் கட்டைப் பரப்பினார். பஸ்ஸில் அதைக் கொண்டுபோகக் கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றோம். கச்சிராயபாளையம் பஸ் உள்ளே திரும்பும்போதே கூட்டம் அதோடு ஓட ஆரம்பித்தது. ஜன்னல்கள் வழியாகத் துண்டும், பையும், செருப்பும்கூட உள்ளே விழுந்தன. ஒரு பெண் தன் குழந்தையையே ஜன்னல் வழியாக நீட்டினாள். அக்கா ஓடவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து, எல்லோருக்கும் கடைசியில் ஏறினார். உள்ளே அவர் தலை தெரிந்தது. உயரம் என்பதால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் குனிந்தே நின்றார். பஸ் புறப்படும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை.